விதை மூட்டையில் சீட்டு உண்டு, வரைபடத்தில் ஏன் இல்லை? திறமூல வன்பொருளுக்கான மீதரவு: ஓர் அறிமுகம்

மட்டக்களப்பின் படுவான்கரையிலோ சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டையிலோ ஒருவரிடம் "இந்தப் போகம் என்ன விதைச்சீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும். "352." கேட்டவருக்கு அது போதும். முழுப்பெயர் பிஜி 352. பிஜி என்றால் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம், ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. எண் வயதைச் சொல்லும்: 300இல் தொடங்குவது மூன்று மாத நெல், 350க்கு மேல் மூன்றரை மாதம், 400இல் தொடங்குவது நான்கு மாதம். ஒரு மணியைக்கூட உரித்துப் பார்க்காமல் எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் பிஜி 94-1 என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மூன்றரை மாதம்தான். எண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, பழகியவருக்குத்தான் தெரியும். பெயருக்குள் தகவலை அடைத்தால் வரும் வில்லங்கம் இது. சான்றுபடுத்திய விதைநெல் மூட்டையில் பெயரோடு ஒரு சீட்டும் கட்டுவது இதனால்தான். இனம், தொகுதி எண், முளைதிறன், பரிசோதித்த திகதி என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் உண்டு.

பொருளைத் திறக்காமலே பொருளைப் பற்றிச் சொல்லும் இந்த மாதிரித் தகவலுக்கு மீதரவு என்று பெயர். திறமூல வன்பொருள் என்றால் ஒரு கருவியின் வரைபடம், பாகப் பட்டியல், செய்முறை எல்லாவற்றையும் யாரும் பார்க்கவும் செய்யவும் மாற்றவும் விற்கவும் அனுமதித்து வெளியிடுவது. உலகம் முழுக்க இப்படி ஏராளமான வடிவமைப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. சீட்டு இல்லாத மூட்டைகளாகத்தான் கிடக்கின்றன.

ஒரு களைக் கருவியை எடுத்துக்கொள்வோம். வரிசையாக விதைத்த நெல்லுக்கு நடுவே கையால் தள்ளிக்கொண்டு போகிற வகை, பல் உருளை வைத்தது. யாரோ எங்கோ அதை நன்றாக வடிவமைத்து, 'இறுதி புதியது 2' என்ற பெயரில் சுருக்கிய கோப்பாக ஏற்றியிருக்கிறார். நிந்தவூரில் ஒரு வெல்டிங் கடைக்காரர் அதே கருவியைத் தேடுகிறார். இங்கே இரண்டு வெவ்வேறு தோல்விகள் நடக்கலாம். ஒன்று, அது கண்ணில் படவே படாது. மற்றது, கண்ணில் பட்டும் செய்ய முடியாது: எந்த அளவு இரும்பு, எந்த அலகு, விற்கலாமா கூடாதா, யாராவது செய்து பார்த்தார்களா, எதுவும் தெரியாது. மீதரவு என்றதும் எல்லோரும் முதல் தோல்வியை மட்டும் நினைத்து நாலு குறிச்சொல் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். உழைப்பு கேட்பது இரண்டாவது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

என்னென்ன நியமங்கள் இருக்கின்றன

ஆளாளுக்கு ஒரு சீட்டு எழுதினால் கணினியால் அவற்றைச் சேர்த்துத் தேட முடியாது. ஒருவர் 'ஆசிரியர்' என்பார், இன்னொருவர் 'செய்தவர்' என்பார். இன்ன தகவலுக்கு இன்ன பெயர், இன்ன வடிவம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதுதான் நியமம்.

நூலக உலகில் இது பழைய விஷயம். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த பட்டறையிலிருந்து 'டப்ளின் கோர்' பிறந்தது. தலைப்பு, படைத்தவர், திகதி, மொழி, உரிமை என 15 புலங்கள். புத்தகத்துக்கும் படத்துக்கும் அது போதும். களைக் கருவிக்குப் போதாது, ஏனென்றால் 'செய்ய என்ன ஆயுதம் (வேலைக் கருவி) வேண்டும்', 'யாராவது செய்தார்களா' என்று கேட்க அதில் இடமில்லை.

வன்பொருளுக்கென்றே 2019இல் வந்தது 'ஓப்பன் நோ-ஹவ்'. இப்போது இன்டர்நெட் ஒஃப் புரொடக்ஷன் அலையன்ஸ் என்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. வடிவமைப்புக் கோப்புகளோடு ஒரு சிறிய எழுத்துக் கோப்பை வைப்பதுதான் இதன் முறை. கோப்பின் பெயர் ஓ, கே, எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், உள்ளே 'யாமல்' என்ற எளிய எழுத்து வடிவம். தேடல் நிரல்கள் வெவ்வேறு தளங்களிலிருந்து இந்தக் கோப்புகளைப் பொறுக்கி ஒரே பட்டியலாக்குகின்றன. வடிவமைப்பு எந்தத் தளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வீடு மாற வேண்டியதில்லை.

இதோடு பெயர் குழம்புகிற இன்னும் இரண்டு உண்டு. ஜெர்மனியின் டின் ஸ்பெக் 3105, 2020இல் வந்தது. அது சீட்டைப் பற்றியதல்ல. ஆவணம் எவ்வளவு முழுமையாக இருந்தால் ஒன்றைத் திறமூல வன்பொருள் என்று அழைக்கலாம் என்பதைப் பற்றியது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட திறமூல வன்பொருள் சங்கம் 2016 முதல் இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது. நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் ஆறு இலக்கமும் சேர்ந்த ஓர் அடையாள எண் கிடைக்கும். வேலை முடிந்த பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர் ஓப்பன் நோ-ஹவ் கோப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. மற்ற இரண்டும் கேட்கிற தகவலில் பெரும்பங்கு அதை எழுதும்போதே கைக்கு வந்துவிடும்.

சீட்டு எப்படி இருக்கும்

உண்மையான கோப்பில் புலங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில், நியமம் சொன்னபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தேடல் நிரல் அந்த வரியைப் பார்க்காது. எதிரே எழுதும் விவரம் தமிழில் இருக்கலாம். இங்கே விளங்குவதற்காக இரண்டையும் தமிழில் தருகிறோம்:

தலைப்பு: வரிசை நெல்லுக்கான தள்ளு களைக் கருவி
விவரம்: ஒற்றைப் பல் உருளை, முன்னே மிதவைத் தகடு, ஒருவர் தள்ளுவது
எதற்கு: 20 செ.மீ. வரிசை இடைவெளியில் விதைத்த சேற்று வயல். வேலை அகலம் 14 செ.மீ.
பதிப்பு: "1.2.0"
செய்யப்பட்டதா: ஆம்
பிறர் தனியாகச் செய்தார்களா: இல்லை
உரிமம், வன்பொருள்: செர்ன் ஓ.எச்.எல். டபிள்யூ 2.0
உரிமம், ஆவணம்: சிசி பை 4.0
மூலக் கோப்பு: ஃப்ரீகேட் (வரைபட மென்பொருள்) கோப்பின் இணைப்பு
பாகப் பட்டியல்: அட்டவணையின் இணைப்பு
ஆயுதங்கள்: ஆர்க் வெல்டிங், கை கிரைண்டர், 8 மி.மீ. துளைபோடும் அலகு
செய்முறை: இணைப்பு
எச்சரிக்கை: "உருளையின் பல் கூர் மழுக்கப்பட வேண்டும்"
சீட்டின் மொழி: தமிழ்
புதுப்பித்த திகதி: 2025-02-10

எல்லாப் புலமும் கட்டாயமில்லை. தெரியாததை விட்டுவிடலாம். 'ஏதோ ஒன்று' எழுதி நிரப்புவதைவிட விடுவது நல்லது, ஏனென்றால் வெற்றிடத்தைப் பார்த்தவர் கேள்வி கேட்பார், தவறைப் பார்த்தவர் இரும்பை வெட்டிவிடுவார்.

'எதற்கு' என்ற வரி

பலர் இதை 'களை பிடுங்க' என்று இரண்டு சொல்லில் முடிக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை வட்டைகளில் பெரும்பாலும் வீசி விதைப்பதுதான் வழக்கம். வீசிய வயலில் வரிசையே இல்லை, இந்தக் கருவி போகவே முடியாது. உருளை விதைப்பான் இழுத்த வயலுக்கும் நாற்று நட்ட வயலுக்கும் மட்டுமே சரிவரும். அதிலும் வரிசை 20 செ.மீ. என்றால் 14 செ.மீ. கருவி போகும். அதையே 25 செ.மீ. நடவுக்குக் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் களை நின்றுவிடும். மேலே உள்ள சீட்டில் இரண்டு எண்கள் இருப்பதால் வாசிப்பவர் ஒரே பார்வையில் 'நமக்கு இது ஆகாது' என்று ஒதுக்கலாம், அல்லது 'அகலத்தை மாற்றினால் ஆகும்' என்று எடுத்துக்கொள்ளலாம். ஒதுக்க உதவுவதும் சீட்டின் வேலைதான்.

குறிச்சொற்களில் கஞ்சத்தனம் வேண்டாம். களை கருவி, களை பிடுங்கி, வீடர், கோனோவீடர் என மக்கள் சொல்கிற எல்லாவற்றையும் போடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள சொற்களையும் சேருங்கள். அம்பாறை மாவட்டத்தில் இதே கருவியைச் சிங்களத்தில் தேடும் விவசாயி அடுத்த வயல் கண்டத்திலேயே இருக்கலாம்.

உரிமம்

இந்த வரி இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு வரைபடம் வரையப்பட்ட கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. ஆகவே 'ஒன்றும் எழுதவில்லை' என்றால் 'யாரும் எடுக்கலாம்' என்று பொருளில்லை, 'யாரும் எடுக்கக்கூடாது' என்றுதான் பொருள்.

வன்பொருளுக்கென்றே எழுதப்பட்டவை செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தின் உரிமங்கள். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகை. 'எஸ்' கண்டிப்பானது: மாற்றி விநியோகிப்பவர் தன் மாற்றத்தையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும். 'டபிள்யூ' நடுத்தரம்: அந்தப் பாகத்தில் செய்த மாற்றத்தைத் திறந்தால் போதும், அதைப் பூட்டிய பெரிய இயந்திரத்தைத் திறக்க வேண்டியதில்லை. 'பி' தாராளமானது: பெயரையும் அறிவிப்பையும் விட்டுவைத்தால் போதும். இவற்றைச் சீட்டில் எழுதும்போது சொந்த வாக்கியத்தில் எழுதாமல் உரிமங்களுக்குப் பொதுக் குறியீடு தரும் எஸ்.பி.டி.எக்ஸ். பட்டியலில் உள்ள குறியீட்டை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். 'செர்ன் லைசன்ஸ்' என்று மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பு, எந்த வகை என்று நிரலுக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது.

முப்பரிமாண மாதிரிகள் ஏறும் தளங்களில் அடிக்கடி காணப்படும் ஒன்று, கிரியேட்டிவ் கொமன்ஸ் (சீட்டில் 'சிசி' என்று வந்த உரிமக் குடும்பம்) உரிமங்களில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வகை. திறமூல வன்பொருளின் வரையறைப்படி அது திறமூலமே இல்லை. பத்துக் கருவி செய்து விற்றுப் பிழைக்கிற கல்முனைப் பட்டறைக்கு அப்படியொரு வடிவமைப்பால் பிரயோசனமில்லை. தேடும்போதே இதை வடிகட்டிவிட்டால் அரை நாள் மிச்சம்.

பாகப் பட்டியல்: பிழை அதிகம் இங்கேதான்

'அரை அங்குலக் குழாய், 2 மீட்டர்' என்று ஒரு வரி. நம் ஹாட்வெயார் கடையில் அரை அங்குல ஜீ.ஐ. பைப் கேட்டால் வெளி விட்டம் 21.3 மி.மீ. உள்ள குழாய் வரும், ஏனென்றால் அரை அங்குலம் என்பது பெயரளவுதான். வடிவமைத்தவர் 12.7 மி.மீ. வெளி விட்டமுள்ள மெல்லிய குழாயை நினைத்திருந்தால் கைப்பிடி பொருந்தும் துளை முழுக்கத் தவறு. தகட்டில் 'கேஜ்' இன்னொரு பொறி. எண் கூடக் கூடத் தகடு மெலியும். போதாததற்கு 16 கேஜ் பிரித்தானிய அளவில் சுமார் 1.6 மி.மீ., அமெரிக்க அளவில் சுமார் 1.5. ஆகவே முதலில் மில்லிமீட்டர், பிறகு கடையில் கேட்கும் பெயர்: '21.3 மி.மீ. வெளி விட்டம், கடையில் அரை அங்குல ஜீ.ஐ. பைப்' என்று இரண்டையும் எழுதுங்கள்.

போல்ட்டில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ., புரி இடைவெளி 1.25 மி.மீ. பதினாறில் ஐந்து அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., கரடுப் புரியில் அங்குலத்துக்கு 18 புரி, அதாவது இடைவெளி 1.41 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் புரி அழிந்துவிடும். பட்டியலில் '8 மி.மீ. போல்ட்' என்று விட்டத்தை மட்டும் எழுதியதன் விளைவு இது. 'எம் 8, புரி 1.25, நீளம் 40 மி.மீ., 6 எண்ணிக்கை' என்றால் தவற இடமில்லை.

அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங்கில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் எண்ணே சீட்டு. 6202 என்றால் உள் துளை 15, வெளி விட்டம் 35, தடிப்பு 11 மி.மீ. எந்த நிறுவனம் செய்தாலும் இதே அளவுதான். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். நியமம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பட்டியலை எக்செல்லில் அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கலத்தில் பின்னமாக 1/2 என்று அடித்தால் அது திகதியாக மாறிவிடும். முதலில் அந்த நெடுவரிசையை 'எழுத்து' வகையாக மாற்றிவிட்டு அடியுங்கள். சேமிக்கும்போது சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வடிவில், அதிலும் யூ.டி.எஃப்.-8 என்று குறித்த தேர்வில் சேமியுங்கள். சாதாரண சி.எஸ்.வி. தேர்வில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

மூலக் கோப்பும் ஏற்றுமதிக் கோப்பும்

முப்பரிமாண அச்சுக்கு ஏற்றுமதி செய்யும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்பதே இல்லை. வெறும் எண்கள். அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் திறந்தால் பாகம் 25.4 மடங்கு சிறிதாக வரும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை. பெரிய குறை, அதில் மாற்றம் செய்வது பொரித்த முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கப் பார்ப்பது போல. 14 செ.மீ. அகலத்தை 18 ஆக்க வேண்டுமென்றால் வரைந்த மூலக் கோப்பு வேண்டும். ஆகவே சீட்டில் மூன்றுக்கும் இணைப்புக் கொடுங்கள்: மூலக் கோப்பு, அலகைத் தாங்கிவரும் ஸ்டெப் கோப்பு, அளவுகள் குறித்த பி.டி.எஃப். வரைபடம். பட்டறையில் கணினி இருக்காது, அச்சிட்ட தாள்தான் சுவரில் ஒட்டப்படும். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு அளவைக் கெடுத்துவிடும் என்பதால் வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு வையுங்கள். அடிமட்டம் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், படம் சுருங்கி எண்கள் மங்கிவிடும்.

சீட்டில் உள்ள இணைப்புகள் செத்துப்போவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருவருடைய சொந்த கூகுள் டிரைவில் வைத்தது அவர் கணக்கை மூடினால் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்ஹப் போன்ற தளத்தில் வைத்து வேலை செய்யுங்கள். ஒரு பதிப்பு முடிந்ததும் ஸெனோடோவில் ஒரு பிரதி போடுங்கள். செர்ன் நடத்தும் அந்தக் களஞ்சியம் இலவசமாக ஒவ்வொரு பதிப்புக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் தருகிறது. பல்கலைக்கழக இறுதியாண்டுத் திட்டமாகச் செய்யப்படும் கருவிகளுக்கு இந்த ஒரு வேலையைச் செய்தாலே அவை மடிக்கணினியோடு தொலையாமல் தப்பும்.

'பிறர் செய்தார்களா'

சீட்டில் மிகச் சிறிய வரி, மிக மதிப்பான வரி. வடிவமைத்தவர் தானே செய்வது பெரிய சாட்சியல்ல, விடுபட்டதை அவர் கை தானாக நிரப்பிவிடும். அவரிடம் ஒன்றும் கேட்காமல், ஆவணத்தை மட்டும் வைத்து வேறொருவர் செய்து முடித்தால்தான் ஆவணம் தேறியது. 'இல்லை' என்று உண்மையை எழுதுவதில் வெட்கமில்லை. நீங்கள் இன்னொருவருடைய வடிவமைப்பைச் செய்து பார்த்தால் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவருடைய 'இல்லை' 'ஆம்' ஆகும்.

கோப்பு திறக்காமல் போகும் காரணங்கள்

யாமல் வடிவம் எளிது, ஆனால் முசுடு. வரியை உள்தள்ள டாப் விசையை அழுத்தினால் கோப்பு முழுக்கப் பிழை, இடைவெளி விசை மட்டும்தான். விவரத்துக்குள் முக்காற்புள்ளியும் அதன் பின் இடைவெளியும் வந்தால் அங்கே புதிய புலம் தொடங்குகிறது என்று குழம்பும், ஆகவே அத்தகைய வரியை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பதிப்பை 1.10 என்று வெறுமனே எழுதினால் அதை எண்ணாக எடுத்து 1.1 என்று சுருக்கிவிடும். பத்தாவது பதிப்பு முதலாவதாகிவிடும். அதற்கும் மேற்கோள் குறிதான் மருந்து. திகதியை 03/04/2025 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

தமிழுக்கென்று இரண்டு சிக்கல்கள் தனியாக உண்டு. முதலாவது பாமினி. நம் பக்கத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் இருக்கிறது. அதைச் சீட்டில் ஒட்டினால் எந்தத் தேடலிலும் அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள், மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது கண்ணுக்கே தெரியாதது. 'போகம்' என்ற சொல்லின் 'போ' எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம்: ப-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. திரையில் வித்தியாசமே இல்லை. தேடல் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கவில்லை என்றால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. சேமிக்கும் முன் உரையை என்.எஃப்.சி. என்ற ஒழுங்குக்கு மாற்றினால் தீர்ந்தது. நிரல் எழுதத் தெரிந்தவருக்குப் பைதனில் ஒரு வரி வேலை.

மாற்றிச் செய்தால்

அக்கரைப்பற்றில் ஒருவர் அந்தக் கருவியின் அகலத்தை 18 செ.மீ. ஆக்கி, மிதவைத் தகட்டை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பழைய சீட்டைத் திருத்தக்கூடாது, புதிய சீட்டு எழுத வேண்டும். அதில் 'எதிலிருந்து வந்தது' என்ற புலத்தில் மூலத்தின் சீட்டு இணைப்பு வரும். மூலத்தில் பின்னால் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், உருளை அச்சு முறிகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து கிளைத்த எல்லாக் கருவிகளையும் இந்தப் புலத்தின் வழியே தேடி எடுக்கலாம்.

வெறும் மொழிபெயர்ப்புக்கும் தனிப் புலம் உண்டு. ஆங்கிலச் செய்முறையைத் தமிழாக்கி வைப்பவர், இது எந்த ஆவணத்தின் மொழிபெயர்ப்பு, அது எந்த மொழி என்று அதில் குறிக்கலாம். விவர வரியில் மூலத்தின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள். மூலம் 1.2.0 இலிருந்து 1.3.0க்குப் போய், அச்சின் விட்டம் 12 மி.மீ.இலிருந்து 15 ஆகியிருந்தால், தமிழ்த் தாளை வைத்து வெட்டப்போகிறவருக்குத் தன் கையில் இருப்பது பழைய அளவு என்று தெரிய வேறு வழியில்லை.